சோதனைச் சீட்டு மருந்தாகாது
(தூய்மைப் பணியாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் அம்மா ஒரு மருத்துவமனையில் பதினெட்டு ஆண்டுகள் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். குப்பைப் பையில் கிடந்த ஊசி கையில் குத்தியது எத்தனை முறை என்று அவருக்கே கணக்கில்லை. ஒருநாள் எங்கள் தெருவில் முகாம் போட்டு ரத்தம் எடுத்தார்கள். ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் என்று சீட்டு வந்தது. அடுத்த சோதனைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். போனால் ஒருநாள் கூலி போகும். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலையே போகும். அந்தச் சீட்டு இரண்டு ஆண்டுகள் அரிசிப் பானைக்கு அடியில் கிடந்தது.

முதல் சோதனை, இந்தக் கிருமி எப்போதோ உடலில் நுழைந்தது என்று மட்டும்தான் சொல்லும். சிலருக்கு உடலே அதை விரட்டிவிடும். இப்போதும் இருக்கிறதா என்று சொல்வது இரண்டாவதான ஆர்என்ஏ சோதனை. இருந்தால் மாத்திரை, பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

2013 இறுதியில் அமெரிக்காவில் சோபோஸ்புவிர் மாத்திரை ஒன்றின் விலை 1,000 டாலர். இங்கே 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். ஆக, மருந்து இருக்கிறது. அதற்கும் நமக்கும் நடுவே நிற்பது ஒருநாள் கூலியும் வேலை போய்விடும் என்ற பயமும்தான்.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், அந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது உடல் பரிசோதனை செய்யச் சொல்கின்றன. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடச் சொல்கின்றன. சி வகைக்குத் தடுப்பூசியே கிடையாது. ஊசியைக் குத்தாத வெள்ளைப் பெட்டியில் போடுவதுதான் தடுப்பு. அதைக் குப்பைப் பையில் வீசுகிற கை ஒன்று, பொறுக்குகிற கை வேறொன்று. எது யாருடைய கை என்பதை இந்த நாட்டில் சாதிதான் தீர்மானித்து வைத்திருக்கிறது. என் அம்மாவுக்கு அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் ஒரு பரிசோதனைகூட நடக்கவில்லை.

நாம் கேட்பது இதுதான். ஆண்டுப் பரிசோதனை வேலையிடத்திலேயே நடக்க வேண்டும். முதல் சோதனை பாசிட்டிவ் என்றால், அன்றே அடுத்த சோதனைக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். சிகிச்சை நாள்களுக்குக் கூலி வேண்டும். முடிவு ஒப்பந்தக்காரர் கைக்குப் போகக் கூடாது.

இன்னொன்று. இது ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய். தொடுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ பரவாது. தொட்டால் ஒட்டும் என்பது நம்மீது சொல்லப்பட்ட பழைய பொய். இந்த நோயின் பெயரால் அதை மறுபடி சொல்ல விடாதீர்கள்.

அம்மாவை நான் அழைத்துப்போனபோது கல்லீரல் ஏற்கெனவே சுருங்கத் தொடங்கியிருந்தது. மாத்திரையில் கிருமி போய்விட்டது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்க இன்றும் போகிறோம். உங்கள் வீட்டிலும் அப்படியொரு சீட்டு மடிந்து கிடந்தால், நாளையே எடுத்து வாருங்கள். யாரும் தனியாகப் போக வேண்டாம், நாங்கள் கூட வருகிறோம்.