உடைந்த பீங்கானில் ஒரு ராச்சியம்

இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜிலிருந்து பேசுகிறேன். திரையில் நீங்கள் பார்க்கிற சுவர் இந்தியாவில், சண்டிகர் நகரத்தில் இருக்கிறது. நன்றாகக் கவனியுங்கள். குளியலறை டைல்ஸ் துண்டு, கைப்பிடி போன தேத்தண்ணிக் கோப்பை, கண்ணாடி வளையல், பழைய மின்சார வேலைகளில் கழித்த பீங்கான். நகரம் வேண்டாமென்று வீசியதுதான் அங்கே சுவராகவும் மனித உருவமாகவும் நிற்கிறது.

இதைச் செய்தவர் நேக் சந்த். சிற்பக்கலை படித்தவர் இல்லை. பொதுப்பணித் துறையில் வீதி வேலைகளைப் பார்த்த பரிசோதகர். 1924இல் அவர் பிறந்த கிராமம் இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது. 1947 பிரிவினையில் குடும்பத்தோடு ஊரை விட்டு வந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே திட்டமிட்ட புது நகரத்துக்காகப் பழைய கிராமங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடிபாட்டையும் ஆற்றங்கரைக் கற்களையும் சைக்கிளில் ஏற்றி, சுக்னா ஏரிப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு குடிசை போட்டார். பகலில் அரசாங்க வேலை, இரவில் டயரை எரித்த வெளிச்சத்தில் தன் வேலை. 1950களின் கடைசியில் தொடங்கியது இது.

வேலை முறையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். பழைய சைக்கிள் சட்டமும் இரும்புக் கம்பியும் எலும்புக்கூடு. அதன் மேல் சீமெந்துச் சாந்து. சாந்து இறுகுவதற்கு முன்னே பீங்கான் துண்டுகளைப் பதித்தாக வேண்டும். பிந்தினால் பிடிக்காது, முந்தினால் வழுக்கும். முழு டைல் சமதரைக்குத்தான் சரி. சிலையின் தோளும் வயிறும் வளைந்தவை, அதனால் உடைத்தால்தான் ஒட்டும். பார்சிலோனாவில் கௌடி கட்டிய குயெல் பூங்காவிலும் வளைந்த இருக்கைகளுக்கு உடைந்த ஓடுதான். ஆனால் கௌடிக்குப் பணம் போட ஒரு செல்வந்தர் இருந்தார். நேக் சந்துக்கு யாருமில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பிரான்சில் சார்த்ர் நகரத்தில் ரேமோன் இசிடோர். கல்லறைத் தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கிய தொழிலாளி. 1938 அளவில் தொடங்கித் தன் வீட்டுச் சுவர், கட்டில், அடுப்பு, தையல் மெசின் என்று எல்லாவற்றையும் உடைந்த பீங்கானால் மூடினார். யாருக்கும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் காணியும் வீடும் அவருடையவை.

நேக் சந்தின் கதை அப்படியில்லை. அவர் வேலை செய்தது கட்டடம் எழுப்பக்கூடாதென்று ஒதுக்கிய அரசாங்க நிலத்தில். பதினைந்து வருடத்துக்கும் மேலாக ஒளித்தே செய்தார். 1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அந்தச் சிற்பத் தோட்டம் ஏறக்குறைய 12 ஏக்கர் பரவியிருந்தது. சட்டப்படி இடித்திருக்கலாம். பார்த்தவர்கள் வியந்து நின்றதால் 1976இல் மக்களுக்குத் திறந்து, அவருக்குச் சம்பளமும் 50 தொழிலாளரும் கொடுத்தார்கள். 1984இல் பத்மஸ்ரீ. பிறகு 40 ஏக்கர் அளவுக்கு வளர்ந்தது.

நம் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரிப் படும். குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். நாலு தலைமுறை இருந்தாலும் சுவரில் ஒரு ஓட்டுத் துண்டைப் பதிக்க யோசிப்போம். அதனால்தான் நம்மவர்களின் அழகெல்லாம் எடுத்துவிடக்கூடியதாகவே இருந்தது என்று நினைக்கிறேன்: பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு, வாசல் இஸ்தோப்பில் போட்ட கோலம், கலண்டர்ப் படம், பழைய பேணியில் வைத்த பூச்செடி. ரசனைக்குக் குறைவில்லை. காணிதான் இல்லை. இப்போது 7 பேர்ச் காணியோடு புது வீடு கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன. கிடைக்காத குடும்பங்கள் அதைவிட எத்தனையோ மடங்கு.

அங்கீகாரம் கிடைத்த பிறகும் நேக் சந்துக்கு நிம்மதி இருக்கவில்லை. 1996இல் அவர் வெளிநாடு போயிருந்த சமயம் கொடுத்த உதவியை நிறுத்தினார்கள். விசமிகள் சிலைகளை உடைத்தார்கள். 2015இல் காலமானார். 2025இல் உயர்நீதிமன்றப் பக்கம் வீதியை அகலமாக்கத் அந்தச் சிற்பத் தோட்டத்துச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார்கள்.

உங்கள் தோட்டத்தில் லயம் இடிபடப் போகிறதென்றால், அதற்கு முன்னே இஸ்தோப்பையும் உட்சுவரையும் படம் எடுத்து வையுங்கள். யார் அலங்கரித்தது, எந்த வருடம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி, படத்தோடு அனுப்புங்கள். அடுத்த காணொளியில் அவற்றைக் காட்டுகிறேன்.