எது கெட்டிக்காரப் போன்?

(பூவார் கடற்கரையில், கற்போர் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று செல்போனைப் பற்றிப் பேசப் போகிறோம். 'ஸ்மார்ட்போன்' என்கிறோம். ஸ்மார்ட் என்றால் கெட்டிக்காரத்தனம். அப்படியானால் எந்தப் போன் கெட்டிக்காரப் போன்? விலை கூடியதா? பெரிய திரை உள்ளதா? நாலு கேமரா உள்ளதா?

எந்தப் போனுக்கும் ஓர் எல்லை உண்டு. டவர் எட்டாத இடத்தில் அது பேசாது. சார்ஜ் தீர்ந்தால் கண் திறக்காது. செய்தவர்கள் அடைத்து வைத்த வசதியை அது தானாகத் தராது. அந்த எல்லையைத் தெரிந்து பயன்படுத்தினால் ஆயிரம் ரூபாய்ப் போனும் கெட்டிக்காரப் போன்தான். தெரியாவிட்டால் முப்பதாயிரம் ரூபாய்ப் போனும் வெறும் பெட்டிதான்.

பேச மட்டும் தெரிந்த போன்

நம் நாட்டில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தாவில் இருந்து பேசினார். டெல்லியில் மத்திய அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்தக் காலத்துப் போனில் படம் இல்லை, பாட்டு இல்லை. பேசினாலும் காசு. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு.

1997-க்கும் 2001-க்கும் இடையில் வட கேரளக் கடற்கரைகளில் டவர்கள் வந்தன. அங்குள்ள மீனவர்கள் செல்போன் வாங்கினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அதை ஆராய்ந்தார்.

போன் வருவதற்கு முன்பு என்ன நடந்தது? 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 பேர் சாளை மீனோடு கரைக்கு வந்தார்கள். வாங்க ஆள் இல்லை. ஆனால் 15 கிலோமீட்டருக்குள் இருந்த வேறு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நின்றார்கள். இங்கே மீன் வீண். அங்கே ஆள் வீண். இருவருக்கும் நடுவே ஒரு சேதி இல்லை. அவ்வளவுதான் குறை.

போன் வந்த பிறகு மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலை கேட்டார்கள். எந்தக் கரையில் ஆள் இருக்கிறதோ அந்தக் கரைக்கு வள்ளத்தைத் திருப்பினார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றது. மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது. வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது.

பேச மட்டும் தெரிந்த போன் செய்த வேலை இது. கெட்டிக்காரத்தனம் எங்கே இருந்தது? 'இன்று எந்தக் கரையில் விலை?' என்று கேட்ட மனிதரிடம் இருந்தது.

'மிஸ்டு கால்' அடிப்பதும் அப்படித்தான். எடுக்காத அழைப்புக்குக் காசு இல்லை. ஒரு மணி அடித்தால் 'கரை சேர்ந்துவிட்டேன்' என்று பொருள். இதை எந்தக் கம்பெனியும் நமக்குக் கற்றுத் தரவில்லை. மக்களே கண்டுபிடித்தார்கள்.

காது உண்டு, வாய் இல்லை

இனி ஸ்மார்ட்போனுக்கு வருவோம். கரையை விட்டுத் தூரம் போனால் டவர் எட்டாது. போன் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். அது சாகவில்லை. அதற்குள் ஜி.பி.எஸ். இருக்கிறது. அதற்கு டவர் வேண்டாம், சிம் கார்டும் வேண்டாம்.

பூமிக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை ஓயாமல் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நாலு செயற்கைக்கோள்களின் குரல் கேட்டால் போதும். நாம் நிற்கும் இடத்தைப் போன் கணக்குப் போட்டுவிடும்.

அந்த இடத்தை அது இரண்டு எண்களாகக் காட்டும். நம் பூவார்ப் பொழியில் நின்று பாருங்கள். முதல் எண் 8 என்று தொடங்கும். இரண்டாம் எண் 77 என்று தொடங்கும். தெற்கே போனால் முதல் எண் குறையும். மேற்கே போனால் இரண்டாம் எண் குறையும். கொஞ்ச தூரத்திலேயே அது 76 ஆகிவிடும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போன் செயற்கைக்கோளின் குரலைக் கேட்கும். திரும்பிப் பேசாது. காது உண்டு, வாய் இல்லை. நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குத் தெரியும். கரையில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒக்கி சொன்ன பாடம்

இது சின்ன விஷயம் அல்ல. 2017 நவம்பர் 30-ஐ நம் கடற்புறம் மறக்குமா? ஒக்கிப் புயல் வந்தது. கரையில் எச்சரிக்கை கேட்டபோது பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே போனுக்கு டவர் இல்லை. சேதி போய்ச் சேரவில்லை. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆளை இழந்தன.

அதன் பிறகு இஸ்ரோவின் 'நாவிக்' கருவிகள் படகுகளுக்கு வழங்கப்பட்டன. புயல் எச்சரிக்கை செயற்கைக்கோள் வழியாக அந்தக் கருவிக்கு வரும். கருவியைப் போனோடு இணைத்தால் சேதி போன் திரையில் எழுத்தாகத் தெரியும்.

எழுத்தாகத் தெரியும் என்றேன். அதைப் படிக்க ஆள் வேண்டாமா? நடுக்கடலில் வந்த எச்சரிக்கையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வள்ளத்தில் இருந்தால் அத்தனை பேரும் பிழைக்கலாம். நாம் இங்கே உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவது அதற்கும்தான்.

அடைத்து வைத்த ரேடியோ

பல போன்களில் எஃப்.எம். ரேடியோவுக்கான பாகம் உள்ளே இருக்கும். ஆனால் செய்தவர்கள் அதை அடைத்து வைத்திருப்பார்கள். 2023-இல் மத்திய அரசு, ரேடியோவை அடைக்க வேண்டாம் என்று போன் செய்பவர்களுக்கு அறிவுறுத்தியது. ஏன்? வெள்ளத்திலும் புயலிலும் டவர் விழுந்தாலும் ரேடியோ பேசும். ஆகவே புதுப் போன் வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: "இதில் ரேடியோ வேலை செய்யுமா?" பெரும்பாலும் இயர்போன் வயரைச் செருகினால்தான் ரேடியோ கேட்கும். அந்த வயர்தான் அதற்கு ஏரியல்.

கடலுக்குப் போகும் முன்

முதலில் காற்று, மழை, கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். டவர் உள்ள இடத்திலேயே பாருங்கள்.

வரைபடத்தைக் கரையிலேயே போனில் இறக்கி வையுங்கள்.

சார்ஜை நிரப்புங்கள். போனைத் தண்ணீர் புகாத உறையில் கட்டுங்கள்.

எந்தத் திசையில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். போனுக்கு வாய் இல்லாத இடத்தில் இந்தச் சொல்தான் வாய்.

கடலோரக் காவல் படையின் எண் 1554. பொது அவசர எண் 112. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். டவர் எட்டும் இடத்தில் ஆபத்து வந்தால் அழையுங்கள். அந்த இரண்டு இட எண்களையும் படித்துச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, போன் ஆண்களுக்கு மட்டும் உரியது அல்ல. வள்ளம் வரத் தாமதமானால் முதலில் அறிபவர் நீங்கள். அழைக்க வேண்டியவரும் நீங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் போனில் அந்த இரண்டு எண்களைத் தேடிப் பிடியுங்கள். நோட்டில் எழுதுங்கள். நாளை வகுப்பில் எல்லோரும் வாசிப்போம்.