புதுப்பித்த இயந்திரத்தைப் பழக்குதல்



பல மாதச் சேமிப்பைக் கொட்டிக் கார் இயந்திரத்தைப் புதுப்பித்த நண்பர் ஒருவர், மறுநாளே குடும்பத்தார் அனைவரையும் ஏற்றிக்கொண்டு தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் புறப்பட்டார். மாலையில் வண்டி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. பழியோ பட்டறைக்காரர் தலையில் விழுந்தது, அது நியாயமன்று.

கடைந்தெடுத்த சிலிண்டரின் உட்சுவரில் நுண்ணிய கீறல்கள் வேண்டுமென்றே விடப்படுகின்றன. பிஸ்டன் வளையங்கள் அவற்றோடு உராய்ந்து படிந்தால்தான் அடைப்பு இறுகும். படியாவிடில் எண்ணெய் எரிந்து நீலப் புகை கக்கும்.

முதன்முறை முடுக்குமுன் எண்ணெயும் நீரும் நிரப்புங்கள். தீப்பொறி இணைப்பைத் துண்டித்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். எண்ணெய் எட்டாத பேரிங் விரைவில் தேய்ந்துவிடும்.

வண்டியை நிறுத்தியபடியே நெடுநேரம் ஓடவிடுவது நல்லதெனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. மிதமான பளுவே வளையங்களைச் சுவரோடு அழுத்தும். ஆகவே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். முதல் 800 கிலோமீட்டர்வரை முழு வேகமும் முழுச் சுமையும் வேண்டா. முதல் எண்ணெயை 500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுங்கள். வடித்துப் பார்த்தால் உலோகத் துகள் மின்னும்.

அந்நண்பர், இரண்டாம் முறை புதுப்பித்த வண்டியை ஒரு மாதம் தோட்டத்திற்கும் பட்டணத்திற்கும் மட்டுமே ஓட்டினார்.