மருத்துவத்தின் நான்காவது பங்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா இசைக்கும் நாடகத்திற்கும் விருந்துக்கும் உரிய நாள். இந்நன்னாளில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், காலனியின் எல்லாக் குடும்பங்களும் ஓரிடத்தில் கூடுவது ஆண்டில் இந்த ஒரு நாள்தான். எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய காரியத்தை எல்லோரும் கூடியிருக்கும்போதுதானே சொல்ல வேண்டும்? புற்றுநோய்க்குக் கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை பெறுகிறவருக்கு உற்றாரும் அண்டை அயலாரும் என்ன செய்யலாம் என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

நாங்கள் மருத்துவம் கற்றவர்கள் அல்லர். மெட்ரிக்குலேஷன் வரை படித்து ரயில்வேயில் கோப்பு எழுதுகிறவர்கள். எங்கள் இல்லத்தரசியார் மார்பகப் புற்றுநோய்க்காக இச்சிகிச்சையைப் பெற்றார். அப்போது கற்றதையும், பின்னர் படித்தும் கேட்டும் அறிந்ததையும் இங்கே சொல்கிறோம். மருத்துவர் கூறும் சொல்லே முடிவானது. எங்கள் சொல் அதற்கு அடுத்ததுதான்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து உதவுகிறவர் ஆகிய நால்வகையும் சேர்ந்ததே மருத்துவம் என்பது அவர் கருத்து. நான்காமவரை அவர் உபசாரத்திற்காகச் சேர்க்கவில்லை. நான்கில் ஒரு பங்கு என்றே வைத்தார். இந்த உண்மை வேறெந்தச் சிகிச்சையைக் காட்டிலும் கீமோதெரபிக்கு மிகவும் பொருந்தும். ஏன் என்பதைச் சற்று விளக்குவோம்.

புற்றுநோய் அணுக்கள் கட்டுப்பாடின்றி விரைந்து பெருகுபவை. விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவது இம்மருந்துகளின் இயல்பு. ஆனால் நம் உடலில் நல்ல அணுக்களிலும் விரைந்து பெருகுபவை உண்டு. மயிர்க்கால், வாயின் உட்தோல், குடல், இரத்தத்தை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை ஆகியவை அத்தகையவை. ஆதலால்தான் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, குமட்டல் வருகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. நல்ல அணுக்கள் தேறி எழுவதற்கு இடைவெளி கொடுத்து, மீண்டும் மருந்தை ஏற்றுகிறார்கள். எங்கள் இல்லத்தரசியாருக்கு 21 நாட்களுக்கு ஒருமுறையாக எட்டுச் சுற்றுகள் என்று விதித்தார்கள். ஏறத்தாழ ஐந்தரை மாதம். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் இரத்தப் பரிசோதனை. அணுக்களின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தால்தான் மருந்து.

இங்ஙனம் இது ஒரு நாள் வைத்தியம் அன்று. தேதிகளால் ஆன வைத்தியம். மருந்தைத் தேர்வது மருத்துவர் பொறுப்பு. நோயாளியை ஒவ்வொரு தேதிக்கும் தவறாமல் கொண்டு சேர்ப்பது நம் பொறுப்பு.

இம்மருந்துகளின் வரலாறும் இதையே கூறுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1922இல் கடல் கடந்து சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் தலைமை தாங்கிய ஆய்வுக் குழுவினர் அமினோப்டெரின் என்னும் மருந்தை உருவாக்கினார்கள். பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர் அதனை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். பத்துக் குழந்தைகள் தேறினர் என்று 1948இல் உலகம் அறிந்தது. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். ஆயினும் அந்தத் தேறுதல் நிலைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. பல மருந்துகளைச் சேர்த்து, நோய் மறைந்த பின்னரும் விடாது தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்பதை மருத்துவ உலகம் பின்னரே கண்டது. இன்று அந்நோய் கண்ட குழந்தைகளுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் சிகிச்சை நடக்கிறது. நல்ல வசதியுள்ள நாடுகளில் பெரும்பாலோர் பிழைத்து வளர்கிறார்கள். அம்மருந்துகளில் ஒன்றான வின்கிரிஸ்டின் எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் வங்காள அயலார் நயன்தாரா என்று அழைப்பதும் அதையேதான்.

நம் கொல்கத்தாவுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் நாட்டுக்கு ஈந்த இல்லத்தில் 1926இல் சேவாசதனம் தோன்றியது. பின்னர் அங்கேயே ஹாஸ்ரா பகுதியில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2ஆம் நாள் திறந்து வைத்தவர் ஐரீன் ஜோலியோ-கியூரி அம்மையார். ஆறே ஆண்டுகளில், 1956இல், அவ்வம்மையாரையே இரத்தப் புற்றுநோய் கொண்டு சென்றது. அந்நாளில் நோபெல் பரிசு பெற்ற அறிஞருக்கும் கிட்டாத மருந்துகள் இன்று அதே ஹாஸ்ராவில் ஏழை எளியவருக்கும் கிட்டுகின்றன. ஆனால் மருந்து இருந்தும் அடுத்த தேதிக்கு வர இயலாமல் நின்று விடுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்னென்பது?

அத்தகைய ஒருவர் நம்மிடையே இருந்தார். பெயர் சொல்வது முறையன்று. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸில் தனியே இருந்தவர். யாருக்கும் சொல்லாமல் இரண்டு சுற்று மருந்து ஏற்றிக்கொண்டார். வாந்தியோடும் மயக்கத்தோடும் பேருந்தில் தனியே திரும்பினார். மூன்றாம் தேதிக்குப் போகவில்லை. காலனிக்குச் செய்தி தெரிந்தபோது நான்கு மாதம் கடந்திருந்தது; நோய் கைமீறிவிட்டது. அவருக்கு மருந்து கிட்டாமற் போகவில்லை; மருத்துவரும் கைவிடவில்லை. குறைந்தது நான்காவது பங்குதான்.

எங்கள் இல்லத்திலும் அப்படி ஒரு நாள் வந்தது. மூன்றாம் சுற்றுக்குப் பின் முடி முழுவதும் போயிற்று. வாய்ப்புண்ணால் தண்ணீர் விழுங்குவதும் துன்பமாயிற்று. "போதும், இனி வேண்டாம். இருக்கிற நாளைக் குழந்தைகளோடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறேன்" என்று இல்லத்தரசியார் சொல்லிவிட்டார். நாங்கள் எத்தனையோ எடுத்துச் சொன்னோம், பயனில்லை. அப்போது, சில ஆண்டுகளுக்கு முன் இதே சிகிச்சையை முடித்த நம் காலனி அம்மையார் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். அறிவுரை ஒன்றும் கூறவில்லை. தம் பின்னலை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இதுவும் ஒருநாள் முழுக்கக் கொட்டிய தலைதான்" என்றார். அடுத்த வீட்டுப் பௌதியோ, அரைகுறைத் தமிழில், "செவ்வாய்க்கிழமை நான் கூட வருவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்தார். நான்காம் சுற்று நடந்தது. எட்டும் முடிந்தன. இப்போது குறித்த காலத்தில் பரிசோதனைக்குச் சென்று வருகிறோம். வருங்காலத்தைப் பற்றி வாக்குறுதி தருபவர் யாருமிலர். ஆனால் விதித்த சிகிச்சை குறைவின்றி முடிந்தது. அந்த மனநிறைவு சிறிதன்று.

அந்த மாதங்களில் நாங்கள் கண்டறிந்த சிலவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, காய்ச்சல். மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அப்போது 100.4 பாகை காய்ச்சல் கண்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் ஆபத்து. இரண்டாம் சுற்றின் பத்தாம் நாள் இரவு ஒரு மணிக்கு எங்கள் கதவருகே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியவர் கீழ்த்தளத்து நண்பர். யாரை எழுப்புவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருந்ததால்தான் அது இயன்றது.

இரண்டாவது, உணவு. அன்று சமைத்ததையே அன்று கொடுக்க வேண்டும். காய்ச்சி ஆறிய நீர் வேண்டும். காரம் ஆகாது. நம் வீடுகளிலிருந்து குழைந்த சாதமும் மிளகு குறைத்த ரசமும் வந்தன. பௌதி வீட்டிலிருந்து பப்பாளிக்காய் போட்ட நீர்த்த ஜோல் வந்தது. அன்புடையோர் ஒரே நாளில் ஐந்து பாத்திரம் கொண்டு வருவதைக் காட்டிலும், நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைப்பதே பயனுடையது.

மூன்றாவது, வருகை. புற்றுநோய் ஒட்டுவதன்று. நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து ஒதுக்குவது அறியாமை. ஆனால் நம் சளியும் இருமலும் அவருக்கு ஒட்டும். அவை உடையவர் தொலைபேசியில் பேசினால் போதும். வந்து அமர்கிறவர், எங்கோ ஒருவர் இறந்த கதையையும் கேள்விப்பட்ட பச்சிலையையும் கொண்டுவர வேண்டாம்.

நான்காவது, இரத்தம். தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க இயலாது. வேண்டும் போதுதான் கொடையாளர் வேண்டும். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் இரத்தம் தரலாம். இளைஞர்கள் தம் இரத்த வகையையும் கடைசியாகக் கொடுத்த நாளையும் எழுதி வைத்தல் நலம்.

ஐந்தாவது, துணையிருப்பவருக்கும் துணை வேண்டும். நெடுந்தூர வண்டியை ஒரே ஓட்டுநர் தொடக்கம் முதல் இறுதி வரை ஓட்டுவதில்லை. வழியில் ஒருவர் இறங்க மற்றொருவர் ஏறுகிறார். அலுவலகத்தில் பணிநேரத்தை மாற்றிக்கொண்ட நண்பர்களும், மருந்து ஏற்றும் நாட்களில் எங்கள் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு அமர்த்திப் பாடம் சொல்லிக் கொடுத்த சகோதரியும் இல்லாவிடில், எங்களால் ஐந்தரை மாதம் நின்றிருக்க முடியாது.

ரயில்வே எழுத்தர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். சிகிச்சைக்காகவோ பரிசோதனைக்காகவோ செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் துணைவர் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் முக்கால் பங்கு தள்ளுபடி. மருத்துவமனை தரும் உரிய படிவச் சான்றிதழை முன்பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டும். நோயாளியோடு ஒரு துணையும் வேண்டும் என்பதைக் கட்டண விதி கூட ஒப்புக்கொள்கிறது பாருங்கள்!

இச்சலுகையை நம் வங்காள அயலாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஹௌராவில் வண்டியேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் மருத்துவமனையை நாடும் வங்காளக் குடும்பங்கள் எத்தனை! அங்கே நம் மக்கள் விடுதியிலும் கடையிலும் வங்காளம் பேசி அவர்களை வரவேற்கிறார்கள். இங்கே நோயுற்ற தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு வங்காளப் பெண் ஜோல் சமைத்துத் தருகிறார். புறப்படுகிறவர்களுக்கு 'வலி', 'காய்ச்சல்', 'தண்ணீர்' என்னும் மூன்று தமிழ்ச் சொற்களை எழுதிக் கொடுப்பதும் ஒரு சங்கப் பணியே.

நிறைவாக ஒரு வேண்டுகோள். 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அத்துயரை மறவாது உழைத்து, 1954இல் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நாம் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உடன் செல்ல இயன்றவர், சமைத்துத் தர இயன்றவர், இரவில் வண்டி எடுக்க இயன்றவர், இரத்தம் தர இயன்றவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இயன்றவர் என்று ஐந்து பக்கம். வாயிலருகே மேசைமேல் அப்புத்தகத்தை வைத்திருக்கிறோம். விருந்துக்குச் செல்லும் வழியில் அவரவர் பெயரை எழுதிச் செல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நம் காலனியில் இனி ஒருவரும் தனியாகத் தம் அடுத்த தேதியை எண்ணிக் கொண்டிருக்கலாகாது.