சின்னஞ்சிறு செய்மதி தன் இடத்தை அறிவது எப்படி?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வழி தெரியாதவன் தெருவில் நிற்போரைக் கேட்டு அறிவான். வானில் ஓடும் செய்மதி யாரைக் கேட்கும்? இதைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகின்றோம்.

பூமிக்கு மேல் ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஜீ.பீ.எஸ். செய்மதிகள் வலம் வருகின்றன. ஒவ்வொன்றும் அணுக்கடிகாரம் சுமந்து, 'இந்நேரத்தில் இவ்விடத்தில் உள்ளேன்' என வானொலி அலையில் ஓயாது அறிவிக்கின்றது. அலை வந்துசேர எடுத்த நேரத்தால் தூரம் தெரியும். நான்கு செய்மதிகளின் அறிவிப்புக் கிடைத்தால் நம் இடமும் நேரமும் புலப்படும். நம் கைத்தொலைபேசி செய்வதும் இதுவே.

அதே வாங்கியைச் சிறு செய்மதியில் வைத்து அனுப்பினால் என்ன? அங்கேதான் இடர். தாழ்ந்த பாதையில் ஓடும் செய்மதியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோமீற்றர். அவ்வேகத்தால் அலையின் மீடிறன் மாறுகின்றது. தரையில் நிற்பவனுக்குச் செக்கனுக்கு 5,000 சுற்றளவே விலகும் அலை, அங்கே 40,000 சுற்றளவு விலகும். தரைக்கென எழுதிய மென்பொருள் அவ்வளவு தூரம் தேடுவதில்லை. மேலும், ஏவுகணைக்குப் பயன்படும் என்ற அச்சத்தால், கடைக்கு வரும் வாங்கிகள் பல, குறித்த உயரமும் வேகமும் கடந்தால் தாமே வேலையை நிறுத்திவிடும்.

விண்வெளிக்கெனவே செய்த வாங்கிகளோ அக்காலத்தில் விலையிலும் எடையிலும் மின்தேவையிலும் பெரியவையாயிருந்தன. ஆகவே ஜேர்மனியின் விண்வெளி ஆய்வு நிலையத்தார் வேறு வழி கண்டனர். சந்தையில் கிடைத்த வாங்கிப் பலகையொன்றை எடுத்து, அதன் மென்பொருளை மாத்திரம் விண்வெளிக்கேற்ப மாற்றியெழுதினர். 'பீனிக்ஸ்' எனப் பெயர்பெற்ற அது ஒரு வாற்றிலும் குறைந்த மின்வலுவில் இயங்கியது.

நுட்பமான அளவீட்டுக்கு வருவோம். அலையில் ஏற்றிய குறியால் அளந்தால் தூரம் மீற்றர் அளவிலேயே சரியாகும். குறியைச் சுமக்கும் காவி அலையின் நீளமோ 19 சென்றிமீற்றர். அதனால் மில்லிமீற்றர் வரை அளக்கலாம். ஆனால் இடையில் எத்தனை முழு அலைகள் உள்ளன என்பது தெரியாது. விரற்கடைக் கோடுகள் தெளிவாயிருந்தும், எத்தனையாவது முழம் என்ற எண் அழிந்துபோன அளவுகோலைப் போன்றது அது. அவ்வெண்ணைக் கணிதத்தால் மீட்பதே அறிஞரின் பெரும்பாடு.

இன்னொரு தடை அயன் மண்டலம். அது குறியைத் தாமதப்படுத்துகின்றது. காவி அலையின் கட்டத்தையோ அதே அளவால் முந்தச் செய்கின்றது. இரண்டு அளவுகளையும் கூட்டிப் பாதியாக்கினால் அப்பிழை நீங்கிவிடும்! பிழையின் குணம் அறிந்தவனுக்கு அப்பிழையே துணையாகின்றது.

2010 ஆனி மாதத்தில் சுவீடன் முன்னின்று நடத்திய 'பிரிஸ்மா' திட்டத்தின் 'மாங்கோ', 'டாங்கோ' என்னும் இரு செய்மதிகள் பீனிக்ஸ் வாங்கிகளுடன் சென்றன. டாங்கோ தன் அளவீடுகளை வானொலியால் அனுப்ப, மாங்கோ அவற்றைத் தன்னவையுடன் ஒப்பிட்டது. இரண்டுக்கும் பொதுவான பிழைகள் கழிந்தன. சில பத்து மீற்றர் இடைவெளிவரை நெருங்கியும், தரையிலிருந்து கணந்தோறும் ஆணை வராமலே, மாங்கோ தன் இடத்தைத் தானே காத்தது. கணக்குத் தவறியிருந்தால் இரண்டும் மோதி அழிந்திருக்கவும் கூடும்.

இளைஞர்களே! விலையுயர்ந்த கருவி இல்லையே என்று நாம் அடிக்கடி சலித்துக்கொள்கின்றோம். அங்கே வெற்றி தந்தது பொன்னால் செய்த கருவியன்று. கிடைத்ததை எடுத்து, அதன் குறைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து திருத்திய பொறுமையே. அப்பொறுமையை நாமும் பயில்வோமாக.