ஏரியில் தண்ணீர் உண்டு, வயலில் இல்லை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே ஒரே ஒரு விஷயம்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. உடனே நாம் "முருங்கைக்கீரை சாப்பிடு, சத்து மாத்திரை போடு" என்போம். பலருக்கு அது பலன் தரும். சிலருக்கோ மாதக்கணக்கில் போட்டாலும் இரத்தம் ஏறாது. ஏன்?

சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் புது அணுக்களை எலும்பு மஜ்ஜை உண்டாக்குகிறது. காசநோயோ முடக்குவாதமோ நீடித்திருந்தால், நோய் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் சேதியை அனுப்பும். சேதி கிடைத்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது இரும்பு வெளியேறும் வாசலை அடைத்துவிடும்.

நம்ம வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறையத் தண்ணி, ஆனா மதகு மூடிக்கிடக்கு, வயல் காயுது. அதே கதைதான். கிருமிகளுக்கும் இரும்பு தேவை. அவற்றுக்குக் கிடைக்கக்கூடாது என்று உடம்பு பூட்டி வைக்கிறது. மஜ்ஜையும் சேர்ந்து பட்டினி கிடக்கிறது.

இன்னும் இரண்டு அடி உண்டு. மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின், சிறுநீரகத்திலிருந்து போதிய அளவு வராது. மண்ணீரலிலுள்ள விழுங்கணுக்கள் சிவப்பணுக்களை ஆயுள் முடியுமுன்னே விழுங்கிவிடும். ஆக, வரவு குறைவு, செலவு அதிகம்.

இந்த நிலையில் இரும்பை மட்டும் கொட்டினால் போதுமா? மலேரியா மிகுந்த பெம்பா தீவில் குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தார்கள். கடும் நோயும் மரணமும் கூடியதாக 2006-இல் முடிவு வெளியானது.

அதற்காகக் கர்ப்பிணிப் பெண்கள் அரசு தரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! அவர்களுக்கு அது அவசியம். நான் சொல்வது வேறு. மாத்திரை போட்டும் சோகை தீராத அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால், "ஒழுங்கா சாப்பிடறதில்லை" என்று அவர்களைக் குறை சொல்லாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நாள்பட்ட இருமலா, மூட்டு வீக்கமா, விட்டுவிட்டு வரும் காய்ச்சலா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஃபெரிட்டின் பரிசோதனையில் அளவு சரியாகத் தெரிந்தாலும் ஏமாந்துவிடக்கூடாது. அழற்சி இருந்தால் அது தானாகவே உயரும்.

மூல நோயைக் குணப்படுத்தினால் மதகு தானே திறக்கும்.

மாணவச் செல்வங்களே, சோகை என்பது பல நேரம் வேறொரு நோய் அனுப்பும் தந்தி. படிக்காமல் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.