நடுவில் இருப்பவனுக்கு மட்டும்தானா பாடம்?

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பேச வருகிறவன் நிலைமை உங்களுக்கே தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ‘தனிக்கவனம் தேவைப்படும் மாணவர்களும் மீத்திறன் மாணவர்களும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். கேட்பதற்கு இரண்டு தலைப்பு மாதிரி இருக்கிறது. என்னைக் கேட்டால் இது ஒரே தலைப்புதான்.

ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் யாரை மனத்தில் வைத்துப் பாடம் நடத்துகிறார்? நடுவில் இருக்கும் பிள்ளையை. ரொம்ப வேகமும் இல்லை, ரொம்ப மெதுவும் இல்லை. அந்த வேகத்துக்குப் பின்னால் தங்கிவிட்டவனுக்கு நாம் வைக்கும் பெயர் ‘மக்கு’. முன்னால் ஓடிவிட்டவனுக்கு வைக்கும் பெயர் ‘அதிகப்பிரசங்கி’. ஒருவன் புரியாமல் ஜன்னலைப் பார்க்கிறான், இன்னொருவன் எல்லாம் புரிந்துபோய் ஜன்னலைப் பார்க்கிறான். இரண்டு பேருக்குமே அந்த ஒரு மணி நேரம் வீண். ‘கவனிக்கலை’ என்று திட்டு வாங்குவதும் இரண்டு பேரும்தான்.

பெரிய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கணிதமேதை இராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. உதவித்தொகை போயிற்று. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனார். 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். 1920-ல், 32 வயதில் மறைந்தார்.

இந்தக் கதையை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சரி. அதில் இருக்கும் பாடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்று நின்றவரையில் அவர் ‘தேறாதவர்’. தனக்காக விதியைக் கொஞ்சம் தளர்த்தியவர்கள் கிடைத்த பிறகுதான் அவர் இராமானுஜன். அப்படி யாரும் கிடைக்காமல் குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேரோ! அவர்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

‘அதுக்குத்தான் பரீட்சை வைச்சு அறிவாளியைக் கண்டுபிடிக்கிறோமே’ என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவில் டெர்மன் என்கிற உளவியல் பேராசிரியர் 1921-ல் கலிபோர்னியாப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்து, உச்சத்தில் இருந்தவர்களைப் பொறுக்கி எடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். அந்தச் சோதனையில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட பையன்களில் இரண்டு பேர் வில்லியம் ஷாக்லியும் லூயி ஆல்வரெஸும். பின்னாளில் இருவருக்கும் இயற்பியலில் நோபல் பரிசு கிடைத்தது. ஷாக்லிக்கு 1956-ல், ஆல்வரெஸுக்கு 1968-ல். ஒரே சோதனையை நம்பினால் இப்படித்தான்.

இப்போது மறுபக்கம் வருவோம். மரியா மாண்டிசோரி அம்மையார் ரோம் நகரத்தில் 1896-ல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் முதலில் வேலை செய்தது அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு. ‘இதுகளுக்கு ஒண்ணும் வராது’ என்று ஒதுக்கி வைக்கப்பட்ட பிள்ளைகள். அவர்களுக்கு எழுத்தைக் கண்ணால் காட்டினால் மட்டும் போதவில்லை. விரலால் தடவிப் பார்க்க வைத்தார். எண்ணைச் சொன்னதோடு விடாமல் கையில் எடுத்து அடுக்க வைத்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. அம்மையாருக்கோ வேறு யோசனை: இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்தால், நல்ல நிலையில் உள்ள பிள்ளைகள் ஏன் இன்னும் மேலே போகவில்லை? குறை கற்பிக்கும் முறையில் அல்லவா இருக்க வேண்டும்! 1907-ல் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அதே முறையில் பள்ளி தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்று வசதியுள்ளவர்கள் பணம் கட்டிச் சேர்க்கும் மாண்டிசோரி பள்ளியின் வேர், ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் வகுப்பறை. மெல்லக் கற்கிறவனுக்காகத் திறந்த கதவு வழியே எல்லாரும் நுழைந்தார்கள்.

‘சார், கேக்க நல்லா இருக்கு. நாப்பது பேருக்கு நாப்பது பாடமா நடத்த முடியும்?’ என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. நாற்பது பாடம் வேண்டாம். பாடம் ஒன்றுதான், வாசல்தான் இரண்டு மூன்று.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டுங்கள். 1. 1+3=4. 1+3+5=9. 1+3+5+7=16. வருவதெல்லாம் வர்க்க எண்கள். மெல்லக் கற்கும் பிள்ளையிடம் கொஞ்சம் புளியங்கொட்டை கொடுங்கள். ஒன்றை வைக்கட்டும். அதைச் சுற்றி மூன்றை வைத்தால் சதுரம். அதைச் சுற்றி ஐந்தை வைத்தால் பெரிய சதுரம். கண்ணால் பார்த்துவிட்டான், இனி மறக்க மாட்டான். நடுவில் இருக்கும் பிள்ளை பட்டியல் போட்டு அடுத்த எண்ணைச் சொல்லட்டும். முந்தி ஓடுகிற பிள்ளையிடம், ‘எப்பவுமே இப்படித்தான் வரும்னு எப்படிச் சொல்றே?’ என்று கேளுங்கள். அதையும் சொல்லிவிட்டானா? 1+8+27=36, அதாவது ஆறின் வர்க்கம். கன எண்களைக் கூட்டினாலும் ஏன் வர்க்கம் வருகிறது என்று கேளுங்கள். ஒரு வாரம் உங்கள் பக்கம் வர மாட்டான்! பத்துக் கணக்கை முடித்தவனுக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது பரிசு இல்லை, தண்டனை.

நம் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாக வைத்ததும் இந்த எண்ணத்தில்தான். அரும்பு என்றால் வசை இல்லை. நாளைக்கு மலரப் போகிறது என்று பொருள்.

இன்னும் சில காரியங்களுக்குக் காலணா செலவு இல்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசாதீர்கள். காது மந்தமான பிள்ளை உங்கள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறது. எழுதியதை வாய்விட்டும் படியுங்கள். பார்வை குறைந்த பிள்ளைக்கு அதுதான் கரும்பலகை. எழுத்து தடுமாறும் பிள்ளையை முன்னறிவிப்பு இல்லாமல் எழுப்பி நாலு பேர் முன்னால் உரக்கப் படிக்கச் சொல்லாதீர்கள். ல, ள, ழ மாறிப் போவதும், கொம்பு இடம் மாறுவதும் சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அதே பிள்ளையிடம் வாயால் பதில் கேட்டுப் பாருங்கள், சில நேரம் அசந்து போவீர்கள். புத்தி கூர்மை, எழுத்தில் தடுமாற்றம், இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதுண்டு. ஒன்றை ஒன்று மறைத்து, மார்க் மட்டும் சுமாராக வரும். அந்தப் பிள்ளைதான் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

இங்குள்ள மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகளும் அதில் சேர்ந்தன. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். எழுத்து உதவியாளர் வைத்துக்கொள்ள அனுமதி உள்ளவருக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் என்று 2018-ல் மத்திய அரசு வழிகாட்டியது. இது சலுகை அல்ல, உரிமை. ‘அவனுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா டைமா?’ என்று முணுமுணுக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: கண்ணாடி போட்டுப் பரீட்சை எழுதுகிறவனைப் பார்த்து யாராவது பொறாமைப்படுகிறோமா?

கடைசியாக, நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, தேர்வுக் காலத்தில் எழுத்து உதவியாளராக வரச் சம்மதிப்பவர்களின் பட்டியல் ஒன்று நம் சங்கத்தில் இருக்கட்டும். ஆள் கிடைக்காமல் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் போகக் கூடாது. இரண்டு, பார்வையற்ற மாணவர்களுக்காக வாரம் ஒரு மணி நேரம் பாடநூலைப் படித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்போம். கையில் இருக்கும் போனே போதும். மூன்று, வகுப்பைத் தாண்டிப் போய்விட்ட ஒரு மாணவனோ மாணவியோ இருந்தால், அந்தத் துறையில் வேலை செய்யும் நம்மில் ஒருவர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவோம். இராமானுஜனுக்கு ஹார்டி கிடைக்க ஆயிரக்கணக்கான மைல் கடிதம் போக வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஒருவர் கிடைக்கட்டுமே!

அடுத்த ஒன்றுகூடலில் இந்த மேடையில் கணக்கு வாசிக்கும்போது, வரவு செலவோடு இந்த மூன்றிலும் எத்தனை என்று செயலாளர் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.